ஜாயிஸ்ட் ஹேங்கர், பாசிட்டிவ் பிளேஸ்மென்ட் நெய்லர்: தமிழ்ல என்ன சொல்லலாம்?

அமெரிக்கா கனடாவுல மரவீட்டுத் தரைக்கு அடியில, டெக்குக்கு (வீட்டை ஒட்டி வெளிய போடுற மரத்தளம்) அடியில பெரும்பாலும் 16 இன்ச்சுக்கு ஒண்ணா வரிசையா ஓடுற மரச்சட்டம்தான் ஜாயிஸ்ட். அதோட முனை போய் முட்டுற பெரிய மரத்துல ஆணியடிச்சு மாட்டுற, துத்தநாகம் பூசின "ப" வடிவத் தகடு ஜாயிஸ்ட் ஹேங்கர். 1956ல கலிபோர்னியாவுல பார்க்லே சிம்ப்சன் இதைச் செய்ய ஆரம்பிச்சாரு, அதுல வளர்ந்ததுதான் இன்னிக்கு சிம்ப்சன் ஸ்ட்ராங்-டை கம்பெனி.

ஜாயிஸ்ட்ங்கிற சொல் பழைய பிரெஞ்சு வழியா லத்தீன்லேர்ந்து வந்தது, மூலப்பொருள் "படுத்துக் கிடக்கிறது". நம்ம ஆளுங்க பல பேர் இதை உத்திரம்னு எழுதுறாங்க, எனக்கு அது ஒத்துவரல, உத்திரம்னா பாரம் தாங்குற பெரிய மரம், அதுல வந்து சேர்ற சின்ன மரம்தான் ஜாயிஸ்ட். பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டுல அண்ணாந்து பார்த்தா செங்கலுக்கு அடியில நெருக்கமா ஓடுமே தேக்குக்கட்டை, அதே வேலைதான். துணை விட்டம்னு சொல்லலாம். ஹேங்கரைத் தொங்கின்னு மொழிபெயர்த்தா சிரிப்புதான் வரும், மரம் அதுக்குள்ள உட்கார்ந்துதானே இருக்கு, அதனால விட்டத் தாங்கி.

இப்ப நெயில் கன். ஆணித் துப்பாக்கின்னா எல்லாருக்கும் புரியும், பிரச்சினை எந்தத் துப்பாக்கிங்கிறதுதான். மரச்சட்டம் கோக்கிற சாதா ஆணித் துப்பாக்கி, அதாவது ஃபிரேமிங் நெய்லர், கையில இருக்கேன்னு அதையே ஹேங்கர்ல வச்சு அழுத்தினா ஆணி தகட்டுல இருக்கிற ஓட்டையில இறங்காது, தகட்டைக் கிழிச்சுக்கிட்டு போகும் இல்ல தெறிக்கும், அதுவும் போக அதுல வழக்கமா போடுற ஆணி 0.131 இன்ச் தடிமன், ஹேங்கர் கேட்கிறது பல மாடல்ல 0.148. இதுக்குன்னு இருக்கிறதுதான் பாசிட்டிவ் பிளேஸ்மென்ட் நெய்லர், இதுல ஆணியோட கூர்முனை துப்பாக்கி மூக்குக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அதை ஓட்டைக்குள்ள வச்சுட்டு அழுத்தி விசையை இழுத்தா நேரா இறங்கிடும். பாசிட்டிவ்னா இங்க நல்லதுங்கிற அர்த்தமே இல்ல, "நிச்சயமா, தப்பாம"ன்னு அர்த்தம், அதனால நேர்மறை ஆணித் துப்பாக்கின்னெல்லாம் எழுதி வைக்காதீங்க. இடந்தவறா ஆணித் துப்பாக்கின்னா நீளமா இருந்தாலும் பொருள் சரி.

வாங்குறப்ப எந்த நீள ஆணி போடலாம்னு பாருங்க. பாஸ்டிச் கம்பெனி துப்பாக்கியில எம்சிஎன்150 மாடல் ஒன்றரை இன்ச் ஆணிக்கு மட்டும், எம்சிஎன்250 ஒன்றரைலேர்ந்து இரண்டரை வரைக்கும். சிம்ப்சனோட எல்யூஎஸ் மாடல் மாதிரி ஹேங்கர்ல பக்கவாட்டு ஓட்டையில ஆணி சாய்வா போய் துணை விட்டத்தைத் துளைச்சு பின்னாடி இருக்கிற பெரிய மரத்துலயும் பிடிக்கணும், டபுள் ஷியர்ங்கிறது அதுதான், ஒன்றரை இன்ச் ஆணி அங்க பாதியிலயே நின்னுடும். அதுக்கு 10டி ஆணி, 3 இன்ச். (அந்த "டி" லத்தீன் தெனாரியஸ்லேர்ந்து வந்த பென்னிக் குறி, ஆணியை விலை சொல்லி வித்த காலத்து மிச்சம்.) இரண்டரை இன்ச் போதுமான்னு அந்த ஹேங்கரோட அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும், போதாதுன்னா பாம் நெய்லர், உள்ளங்கையில அடங்குற சின்ன மெஷின், ஒவ்வொரு ஆணியா வச்சு அடிக்கணும், மெதுவாத்தான் போகும் ஆனா இடுக்குல கூட நுழையும், ஒரு டெக் மட்டும் போடுறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

டெக்குக்குன்னா ஆணி ஹாட் டிப் கால்வனைஸ்டா, அதாவது உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்ததா இருக்கணும். 2003 முடிவோட அமெரிக்காவுல வீட்டு மரத்துக்கு ஆர்செனிக் கலந்த மருந்து போடுறதை நிறுத்திட்டாங்க, அதுக்குப் பதிலா வந்ததுல தாமிரம் அதிகம், சாதா ஆணியை சீக்கிரமே துரு தின்னுடும்.