கெட்ட செய்தி முதலாளி காதுக்கு வர எத்தனை நாள் ஆகிறது?

மதுரை, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரத்துச் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்குத் தர மேலாண்மை ஆலோசனை சொல்வது என் தொழில். புதிதாக ஒரு கம்பெனிக்குப் போனால் முதலாளிகள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான். "நல்ல மேனேஜர் ஒருத்தர் இருந்தா சொல்லுங்க சார், எல்லாம் சரியாப் போயிரும்." அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் விசாரிப்பது வேறு. கடைசியாகச் சரக்கு திரும்பி வந்ததே, அந்தக் குறை உள்ளே முதலில் யாருக்குத் தெரிந்தது? எப்போது தெரிந்தது? உங்கள் காதுக்கு எப்போது வந்தது?

பல இடங்களில் மூன்றாவது கேள்விக்கான பதில், "கஸ்டமர் மெயில் போட்ட அன்னைக்கு" என்பதுதான். குறை இரண்டு வாரம் முன்பே மெஷின் ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்கும்.

ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கலந்து வைத்த ரப்பர் கம்பவுண்டை நம் ஊர் வெயிலில் அதிக நாள் போட்டு வைக்க முடியாது. மோல்டுக்குள் போவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக இறுக ஆரம்பித்துவிடும். அப்படி இறுகியதைப் பிரஸ்ஸில் வைத்தால் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பாது. மே மாதம், இரவு ஷிப்ட். பிரஸ் ஓட்டிய பையன் சூப்பர்வைசரிடம் போய், "அண்ணே, ஓரம் சரியா நிரம்பல, பழைய கம்பவுண்டு மாதிரி இருக்குண்ணே" என்று சொல்லியிருக்கிறான். "ஸ்டோர்ல போய் யாரு பேசுறது? ஓட்டுப்பா, பார்த்துக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் முதலாளியின் மச்சினர்.

சரக்கு ஓசூரில் இருந்த வாடிக்கையாளருக்குப் போனது, மொத்தமும் திரும்பி வந்தது. டெபிட் நோட் போட்டு வாடிக்கையாளர் பிடித்துக்கொண்ட பணம், திரும்பப் பொறுக்கிப் பிரிக்கும் கூலி, அவசரமாக மறுபடி ஓட்டிய செலவு என்று அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் கரைந்தது. முதலாளி அந்தப் பையனைத்தான் முதலில் கூப்பிட்டுத் திட்டினார். சரியான நேரத்தில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

இதில் யாரும் சோம்பேறி இல்லை. சூப்பர்வைசரின் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரு ஷிப்டில் எத்தனை பாகம் ஓடியது என்பதை வைத்துத்தான் அவருக்கு ஊக்கத்தொகை. ஓட்டத்தை நிறுத்தினால் அது குறையும். மச்சினரைப் பற்றிப் புகார் சொன்னால் வேலைக்கே சிக்கல் வரலாம். மறைத்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வாய் மூடியிருப்பதற்கு அந்தக் கம்பெனியே மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்போது எவ்வளவு நல்ல மேனேஜரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாலும், அவரும் ஆறு மாதத்தில் வாய் மூடக் கற்றுக்கொள்வார்.

1990களில் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் பதிவான தவறுகள்தான் அதிகம். அங்கே தவறு கூடுதலாக நடக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. பயமில்லாமல் வெளியே சொல்கிறார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். குறை என்று ஒதுக்கியவற்றைக் கணக்கெழுதும் ரிஜெக்ஷன் ரிப்போர்ட்டில் மாதக்கணக்காகப் பூஜ்யம் எழுதியிருக்கும் கம்பெனியைப் பார்த்தால் எனக்குக் கவலை வருவது இதனால்தான்.

செல்லூர்ப் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அடுத்த விஷயம் எளிதாகப் புரியும். சகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். அறுந்த நூலோடு கஜக்கணக்கில் துணி வீணாக ஓடாது. அதே குடும்பம் பிறகு தொடங்கிய கார் கம்பெனியில் இந்த யோசனை மனிதர்களுக்கும் வந்தது. குறையைப் பார்க்கும் தொழிலாளி தலைக்கு மேல் இருக்கும் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே வருவார். அந்த வேலைச் சுற்று முடிவதற்குள் தீராவிட்டால் உற்பத்தி லைனே நிற்கும். இழுத்தவனை யாரும் முறைக்கக் கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டில் அடக்கம். கயிறு கட்டுவது சுலபம், முறைக்காமல் இருக்கத்தான் தலைமை வேண்டும்.

நம் ஊரிலேயே இருக்கிறது அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார் செய்துவிடும் வேகத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களை விடாமல் பதிவு செய்து அலசும் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அது இல்லாமல் அந்த வேகத்தில் போயிருந்தால் ஆபத்து என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, 30 பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் என்ன செய்யலாம்? முதலில் ஊக்கத்தொகைக் கணக்கை மாற்றுங்கள். அந்த ஷிப்டிலேயே சொல்லி ஒதுக்கிய குறைக்குப் பிடித்தம் கிடையாது, மறைத்து வாடிக்கையாளர் வரை போனதற்கு மட்டும் உண்டு என்று எழுதி ஒட்டுங்கள். ரப்பர் கம்பெனியிலும் இதைத்தான் செய்தோம். முதல் இரண்டு மாதம் ரிஜெக்ஷன் ஏறியது, முதலாளி பதறினார். மெஷினில் புதிதாக ஒன்றும் கெடவில்லை, ஏற்கெனவே இருந்ததுதான் கண்ணுக்குத் தெரிய வந்தது. மச்சினரை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கம்பவுண்டு கலந்த தேதியைப் பிரஸ் பக்கத்திலேயே எழுதி வைக்கவும், நாள் கடந்ததைத் திருப்பி அனுப்பும் உரிமையை ஓட்டுபவருக்கே கொடுக்கவும் சொன்னேன். முதலாளி அதை மச்சினரை வைத்துக்கொண்டே எல்லார் முன்னாலும் அறிவித்தார். அந்த ஒரு அறிவிப்பு செய்த வேலையை எந்தப் பயிற்சி வகுப்பும் செய்திருக்காது.

அப்புறம், கெட்ட செய்தி வந்ததும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. "யாரு பண்ணது?" என்று கேட்டால் கம்பெனி முழுவதும் அடுத்த முறைக்குப் பாடம் படித்துவிடும். "இப்ப எவ்வளவு சரக்கு பாதிச்சிருக்கு?" என்று கேளுங்கள். யார், ஏன் என்பதெல்லாம் மறுநாள் ஆறஅமரப் பேசலாம். வேண்டுமென்றே விதியை மீறியவரையும், தெரிந்தே மறைத்தவரையும் தண்டிக்க வேண்டியதுதான். அவர்களையும், கை தவறியதை வந்து சொன்னவரையும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள்.

ஆபீஸ் அறையிலும் இதே கதைதான். வர வேண்டிய பாக்கி நீண்டுகொண்டே போவது கணக்கருக்குத் தெரியும். பெரிய வாடிக்கையாளர், முதலாளிக்கு வேண்டியவர் என்று சொல்லத் தயங்குவார். நீங்கள் உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தி நிறுவனம் என்றால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க உரிமை உண்டு. 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் காலக்கெடு தாண்டியும் வருட முடிவில் பாக்கி நின்றால், சரக்கு வாங்கியவர் அந்தத் தொகையை அந்த வருட வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பேசுவதற்கு நல்ல பிடி இது. ஆனால் பாக்கி எத்தனை நாள் ஆனது என்று தெரிந்தால்தானே பேச முடியும்? 45 நாள் தாண்டியவற்றின் பட்டியலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேளுங்கள். உறவுக்காரர்களின் கம்பெனிகளையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.