விடுதலை ஆன அன்று இரவு அவள் எங்கே தங்குவாள்?

சிறையிலிருந்து வந்த பெண் மறுபடி உள்ளே போய்விட்டாள் என்று தெரிந்தால், "இவளெல்லாம் திருந்த மாட்டாள்" என்று சொல்லிவிடுகிறார்கள். சிறைப் பெண்களுக்கு உளவியல் ஆலோசனை தரும் எனக்கு இதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. வெளியே வந்தவளுக்குப் போக இடம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

திரும்பத் திரும்ப வருபவர்களில் பலர் செய்தது சின்னத் திருட்டு, போதைப்பொருள் வைத்திருந்தது, அபராதம் கட்டாதது. சில வாரமோ சில மாதமோ தண்டனை. போதைக்கோ மனநோய்க்கோ சிகிச்சை எடுத்து முடிக்க அந்தக் காலம் போதாது. ஆனால் வேலையும் வாடகை வீடும் கைவிட்டுப் போக அது தாராளம். பிறகு அடிக்கிற அதே கணவனிடமோ, போதையைப் பழக்கிய அதே ஆளிடமோதான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கொடுமை. வீடு இருந்தால்தான் பிள்ளையைத் தருவோம் என்பார்கள் ஓர் அலுவலகத்தில். பிள்ளை உடன் இருந்தால்தான் குடும்பத்துக்கான வீடு தருவோம் என்பார்கள் இன்னொன்றில். இப்படி அலைந்து மனம் விட்டுப்போய் மீண்டும் போதையைத் தொட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குடும்பத்தார் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெராயின் போன்றவற்றை உள்ளே இருந்த காலத்தில் எடுக்காதவரின் உடல், பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து அதே அளவை எடுத்தால் உயிரே போகலாம். முதல் இரண்டு வாரங்கள் மிக ஆபத்தானவை. அப்போது திட்டாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள்.

இனி என்ன வேண்டும் என்று கேட்டால், பலமுறை வந்துபோனவர்களிடமிருந்து சட்டென்று பதில் வராது. ஆசைப்பட்டு ஏமாந்த பயம். அப்புறம் மெதுவாகச் சொல்வார்கள்: உள்ளிருந்து தானே பூட்டிக்கொள்ளும் ஓர் அறை, மாதச் சம்பளம், பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது. தன்னைப் போன்ற பெண்களுக்குத் துணையாக வேலை செய்ய வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்களை நான் மிகவும் நம்புகிறேன். அந்தப் பாதையை நடந்து அறிந்தவர்கள்.

பெண் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2010இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகள், சிறைக்குப் போகுமுன் பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்ய அவகாசம் தரச் சொல்கின்றன. விடுதலைக்குப் பிறகும் மருத்துவ, சட்ட உதவி தொடர வேண்டும் என்கின்றன. ஆனால் அவை நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. அதனால் நிறைய விஷயம் அந்தந்த அதிகாரியின் கையில்தான். அதிகாரிகளிடம் நான் கேட்பது இதுதான்: தங்குமிடம், அடையாள அட்டை, மருந்து மூன்றையும் தண்டனை முடியும் முன்பே பேசி முடித்து வையுங்கள். அலுவலகங்கள் மூடும் வாரக் கடைசியில் யாரையும் வெளியே அனுப்பாதீர்கள்.