சான்று பெற்ற இருக்கை, தளர்ந்த பட்டை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூர் அல்சூரில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு குடும்பம் தருமபுரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஐந்து மாதக் குழந்தை, தாய், தந்தை, பாட்டி. பின்னிருக்கையில் குழந்தைக்கான புத்தம் புதிய கார் சீட். குழந்தையின் தந்தை எனக்குத் தெரிந்தவர். "சரியாக மாட்டியிருக்கிறேனா என்று ஒருமுறை பாருங்கள் சார்" என்றார். பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இருக்கை ஒரு சாண் தூரம் நகர்ந்தது.

"ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, சோதனையில் தேறியது என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டார். தேறியதுதான். ஆனால் தேறியபோது அது இப்படி ஆடிக்கொண்டிருக்கவில்லை.

கார் மோதல்களைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்ப்பதும், சோதனைக் கூடங்களிலிருந்து வரும் அளவீடுகளைப் படிப்பதும் பதினான்கு ஆண்டுகளாக என் தொழில். குழந்தை இருக்கையைப் பற்றி என்னிடம் கேட்கும் பெற்றோர் எல்லோரும் எந்த நிறுவனத்துடையதை வாங்கலாம் என்றே தொடங்குகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, வாங்கியதை எப்படிப் பொருத்தினீர்கள் என்பது.

அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் நடப்பதைச் சொல்கிறேன். குழந்தை இருக்கைகளுக்கான நம் நாட்டின் ஏஐஎஸ் 072 தரநிலை, ஐரோப்பாவின் ஆர்44 விதியைத் தழுவியது. அந்தச் சோதனையில் முழுக் காரை மோத விடுவதில்லை. தண்டவாளத்தில் ஓடும் ஒரு மேடையில் கார் இருக்கையைப் போன்ற ஒன்றை அமைத்து, அதில் குழந்தை சீட்டைக் கட்டி, உள்ளே ஒரு பொம்மையை உட்கார வைப்பார்கள். முன்பக்க மோதலுக்கு அந்த மேடை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஏறத்தாழ 65 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட வேண்டும். பின்பக்க மோதலுக்கு 30 கிலோமீட்டர் வேகம். ஐரோப்பாவில் 2013இல் வந்த ஆர்129 விதி பக்கவாட்டு மோதலையும் சேர்த்துக்கொண்டது.

50 கிலோமீட்டர் வேகம் 65 சென்டிமீட்டரில் அடங்குவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் ஏழு கிலோ எடையுள்ள குழந்தையை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கச் சராசரியாக நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசை வேண்டும். அதாவது நான்கு 25 கிலோ அரிசி மூட்டைகள். உச்சத்தில் அது ஆறு, ஏழு மூட்டைகளாகிவிடும். அந்த வேகத்தில் மோதுவது ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

அன்று பாட்டி என்னிடம் கேட்டார்: "என் மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா தம்பி? நான்கு பிள்ளைகளை இந்த மடியில்தான் வைத்துக் கொண்டுபோனேன்." அந்தக் கைகளின் அன்பை யார் மறுக்க முடியும்? ஆனால் எந்தக் கைகளாலும் ஆறு அரிசி மூட்டைகளைப் பத்தில் ஒரு நொடியில் பிடித்து நிறுத்த முடியாது. பாட்டி பெல்ட் போடாமல் இருந்தால் அவருடைய உடலும் அதே வேகத்தில் முன்னால் போய், குழந்தையை முன்சீட்டின் முதுகோடு சேர்த்து நசுக்கும். ஒரே பெல்ட்டைத் தாயும் பிள்ளையுமாகச் சேர்த்துப் போட்டுக்கொள்வதும் இதே போலத்தான். தாயின் எடை முழுவதும் பெல்ட்டுக்கு இடையில் இருக்கும் பிள்ளையின் மேல் இறங்கும்.

"பெங்களூரில் எங்கே சார் ஐம்பதில் போகிறோம்?" என்று பலர் கேட்கிறார்கள். மாலையில் சில்க் போர்டு சந்திப்பில் யாரும் போவதில்லை, உண்மைதான். ஆனால் அதே சந்திப்பைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலையில் ஏறியதும் என்ன வேகம்? அதிகாலையில் விமான நிலையச் சாலையில்? ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரி வரை? 30 கிலோமீட்டர் வேக மோதலே மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி சோதனைக் கூடத்துக்கும் நம் காருக்கும் உள்ள இடைவெளி. கூடத்தில் சீட்டைப் பொருத்துபவர் அவசரப்படுவதில்லை. பெல்ட்டை எவ்வளவு இழுவிசையில் இறுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கருவி வைத்து அளக்கிறார்கள். பொம்மையின் முதுகுக்குப் பின்னால் இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு பலகையை வைத்து, அதன் தோள்களின் மேல் வரும் பட்டைகளை இறுக்கி, பிறகு அந்தப் பலகையை உருவிவிடுவார்கள். வீட்டில் பட்டை கொஞ்சம் தளர்ந்திருக்கும் என்பதை விதியே எதிர்பார்க்கிறது. அந்தச் சிறு தளர்வோடு மோதும்போது பொம்மையின் மார்பு, தலை ஆகியவற்றில் பதிவாகும் அளவுகள் வரம்புக்குள் இருந்தால்தான் சான்று. நாம் விடும் தளர்வு பெரும்பாலும் அதைவிட அதிகம். அந்த நிலையில் சீட் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எந்த ஸ்டிக்கரும் பொறுப்பில்லை.

மேடைச் சோதனை வேறு, உண்மையான காருக்குள் நடப்பது வேறு என்பதை அமெரிக்கா ஒருமுறை கசப்பாக உணர்ந்தது. அங்கே சான்றுக்கான வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர். 2008 மாடல் கார்களை 56 கிலோமீட்டர் வேகத்தில் மோத வைத்த அரசுச் சோதனைகளில் கைக்குழந்தை இருக்கைகளையும் வைத்துப் பார்த்தார்கள். 66 இருக்கைகளில் 31 இருக்கைகள், காரில் மாட்டியிருந்த அடித்தளத்திலிருந்து பிய்த்துக்கொண்டன, அல்லது பொம்மையில் பதிவான அளவுகள் காய வரம்பைத் தாண்டின. 2009இல் ஒரு சிகாகோ நாளிதழ் இதைத் தோண்டி எடுத்த பிறகுதான் பெரிய விவாதமே எழுந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு இதற்கு நேர்மாறான தவறும் நடந்திருந்தது. ஒரு நுகர்வோர் இதழ், தான் சோதித்த கைக்குழந்தை இருக்கைகளில் பெரும்பாலானவை தோற்றுவிட்டன என்று அறிவித்தது. பக்கவாட்டு மோதல் 61 கிலோமீட்டர் வேகத்தில் நடந்ததாக இதழ் நம்பியிருக்க, உண்மையில் அது 110 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்துக்கு ஈடாக இருந்தது தெரியவந்தது. அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். எந்த முடிவைப் படித்தாலும் என்ன வேகம், மேடையா காரா, எந்த வயதுப் பொம்மை என்று மூன்றையும் நான் முதலில் தேடுவது இதனால்தான்.

கார்களை மோதவிட்டு நட்சத்திரங்கள் தரும் நம் பாரத் என்கேப் மதிப்பீட்டையும் அப்படியே படியுங்கள். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. முன்பக்கச் சோதனை 64 கிலோமீட்டர் வேகத்தில், முழுக் காரோடு. குழந்தைகள் பாதுகாப்புக்கு 49 புள்ளிகள். அதில் 24 மோதல் சோதனைக்கு, 12 இருக்கைகளைப் பொருத்த முடிகிறதா என்பதற்கு, 13 காரில் உள்ள வசதிகளுக்கு. பொம்மைகள் பதினெட்டு மாதக் குழந்தையும் மூன்று வயதுக் குழந்தையும். கைக்குழந்தை அளவிலான பொம்மை அதில் இல்லை. கார் நிறுவனம் பரிந்துரைத்த சீட்டில் அந்த நட்சத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. நீங்கள் இணையத்தில் தள்ளுபடியில் வாங்கிய சீட்டுக்கு அவை பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. காரோடு வந்த கையேட்டில் எந்த வகை சீட் எந்த இடத்தில் பொருந்தும் என்று ஓர் அட்டவணை இருக்கும். சீட் வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நான் மன்றாடிக் கேட்பது ஒன்று உண்டு. கைக்குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கழுத்து முள்ளெலும்புகள் இன்னும் முழு எலும்பாகாமல் குருத்தெலும்பால் இணைந்திருக்கும். முன்னோக்கி உட்கார்ந்திருந்தால் பட்டை மார்பைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பாயும். அந்தக் கழுத்து அதைத் தாங்காது. பின்னோக்கி இருந்தால் விசை முதுகு, கழுத்து, தலை எல்லாவற்றிலும் பரவி இருக்கையின் கெட்டியான முதுகு ஓட்டில் இறங்கும். விண்வெளி வீரர்கள் மல்லாந்து அமர்ந்து மேலெழும்புவதைப் பார்த்து, சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் 1960களில் பிடித்த யோசனை இது. ஆர்129 விதி பதினைந்து மாதம் முடியும்வரை பின்னோக்கியே இருக்க வேண்டும் என்கிறது. "கால் மடங்குகிறது, முகம் தெரியவில்லை" என்று ஒன்பதாம் மாதத்திலேயே திருப்பிவிடுகிறார்கள். கால் மடங்குவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. சீட்டின் எடை, உயர வரம்பு அனுமதிக்கும்வரை பின்னோக்கியே வையுங்கள்.

ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகம், ஓட்டோடு குழந்தையின் தலையை அறைந்துவிடும்.

பெங்களூரில் நான் அதிகம் பார்க்கும் தவறு சீட் கவர். காரை வாங்கிய அன்றே கடையில் தோல் உறை போட்டுவிடுகிறார்கள். அதன் அடியில் பெல்ட் மாட்டும் பக்கிளும், பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டை மாட்டக் காரில் பதித்திருக்கும் ஐசோபிக்ஸ் கொக்கிகளும் புதைந்துபோகின்றன. வாடகைக் கார்களில் இது இன்னும் மோசம். ஐசோபிக்ஸ் சீட்டிலிருந்து கார் தரைக்கு இறங்கும் தாங்குகாலை, தரைக்கு அடியில் சாமான் அறை உள்ள கார்களில் அதன் மூடியின் மேலேயே ஊன்றிவிடுகிறார்கள். மூடி உடைந்தால் கால் இறங்கிவிடும். இருக்கையின் சாய்வைக் காட்டும் கோட்டை அடித்தளப் பார்க்கிங்கின் சரிவில் நின்றுகொண்டு சரிபார்க்கிறார்கள். சமதரையில்தான் அது சரியாகக் காட்டும். டிசம்பர் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டு அதற்கு மேல் பட்டையைக் கட்டுவதும் வழக்கம். மோதலில் கம்பளி அமுங்கி, பட்டை தொளதொளவென்று ஆகிவிடும். பட்டையைக் கட்டிவிட்டு மேலே போர்வையைப் போர்த்துங்கள். தெரியாதவர் பயன்படுத்திய பழைய சீட்டை வாங்காதீர்கள். ஒருமுறை விபத்தைக் கண்ட ஓட்டில் விரிசல் வெளியே தெரியாது.

2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. அது இருக்கட்டும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி, கார்களில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இறக்கும் அபாயத்தை இந்த இருக்கைகள் 71 சதவீதம் குறைக்கின்றன. நான் பார்க்கும் எண் அது.

அன்று சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, பெல்ட்டை முழு பலத்தோடு இழுத்து மறுபடி மாட்டினேன். பெல்ட் பாதையில் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. குழந்தையின் தோளருகே பட்டையைக் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு விரலில் சிக்கக் கூடாது. இந்த இரண்டையும் பாட்டியிடமே செய்து பார்க்கச் சொன்னேன். கிள்ளிப் பார்த்துவிட்டு, "வலிக்காதா தம்பி?" என்றார். வலிக்காது அம்மா, அழுதால் வண்டியை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள், ஓடும்போது வேண்டாம் என்றேன்.

மதியம் போன் வந்தது. கிருஷ்ணகிரிக்கு முன்னால் குழந்தை அழுதிருக்கிறான். நிறுத்தி, பால் கொடுத்து, மறுபடி உட்கார வைத்திருக்கிறார்கள். "இவன் பட்டையைத் தளரவே கட்டினான்" என்று மகனைப் பற்றிப் பாட்டி சொன்னார். "கிள்ளிப் பார்த்தேன், விரலில் சிக்கியது. அவிழ்த்து இறுக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்க விட்டேன்."