விறைக்கும் கையும் மோட்டார் சைக்கிள் கிறிப்பும்

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியில் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். சென்ற வருடம் என் 100 சிசி மோட்டார் சைக்கிளில் இந்தத் தூரத்தை ஓடி வந்தபோது, கிளிநொச்சி வருவதற்கு முன்பே வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைத்துவிட்டன. ஆனையிறவில் நிறுத்திக் கையை உதறினேன். கொஞ்ச நேரம் எறும்பு ஊர்வது போல இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஹாண்டிலில் கை பிடிக்கும் உறையான பழைய கிறிப்பைக் கழற்றிவிட்டு, தடித்த, பஞ்சு போன்ற புதிய கிறிப் போட்டிருந்தேன். கைக்குச் சுகமாக இருக்கும் என்று நம்பித்தான் போட்டேன்.

ஊர் வந்ததும் கராஜுக்குப் போனேன். அங்கிருந்த அண்ணை கிறிப்பை ஒருதரம் அழுத்திப் பார்த்தார். "தம்பி, மெத்தெண்டு இருந்தாக் காணாது. நீர் இதை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர் எண்டு பாரும்" என்றார். பிறகு ஹாண்டிலின் இரண்டு முனையையும் பார்த்துவிட்டு, "இதில இருந்த இரும்புக் குண்டுகள் எங்க?" என்று கேட்டார். புதிய கிறிப்புக்கு இடைஞ்சல் என்று அவற்றை நானே கழற்றி வைத்திருந்தேன்.

அந்த இரண்டு கேள்விக்குள்ளும் முழு விஷயமும் இருக்கிறது.

கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் மண்வெட்டி பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழகிய கை பிடியை நெரிப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் கை கொப்பளித்து நிற்பவர் புதியவர். மோட்டார் சைக்கிளிலும் அப்படித்தான். ஆகக் குறைந்த பலத்தோடு பிடித்தாலும் கை வழுக்காமல் நிற்கிறதே, அதுதான் நல்ல கிறிப். மென்மை அதற்கு உதவலாம், கெடுக்கவும் செய்யலாம்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் நேர்கோட்டில் போய்வருகிறது. அதைச் சமன்செய்ய, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கில் எதிர் எடை வைத்திருப்பார்கள். ஆனால் கிராங் சுழல்வது. சுழலும் எடையால் நேர்கோட்டு ஓட்டத்தை முழுதாக ஈடுகட்ட முடியாது. ஒரு திசையில் அதிர்வைக் குறைத்தால் குறுக்குத் திசையில் கூடும். அதனால் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிறுத்திக்கொள்கிறார்கள். மீதி அதிர்வு சட்டத்தின் வழியே ஹாண்டிலுக்கு வருகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 தடவை சுற்றினால் வினாடிக்கு 100 அதிர்வு.

கிறிப்பின் இறப்பர் ஒரு சுருள்வில் மாதிரி. அதன் கடினத்தன்மையும் அதைப் பிடிக்கும் கையின் எடையும் சேர்ந்து ஓர் இயல்பான அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. அந்த அதிர்வெண்ணைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் இறப்பர் குறைத்துக் கொடுக்கும். அதற்குக் கீழே உள்ளவை குறையாமல் கைக்கு வந்துவிடும். சில பெருகியும் வரும். ஆகவே எஞ்சினின் நுண்ணிய இரைச்சல் அதிர்வை கிறிப் ஓரளவு வடிகட்டலாம். பள்ளத்தில் விழும் குலுக்கலை எந்த கிறிப்பும் தடுக்காது. அது ரயர் காற்றும் ஷொக் அப்சோபரும் மடங்கிய முழங்கையும் பார்க்கவேண்டிய வேலை.

என் பஞ்சு கிறிப் ஏற்றுக்கொண்ட வேலையையும் செய்யவில்லை. இறுக்கிப் பிடித்ததும் பஞ்சு நசுங்கி மெலிந்துவிட்டது. நசுங்கிய இறப்பர் கடினமாகும். அது கடினமாக ஆக, கூடுதலான அதிர்வு கைக்கு ஏறும். தசைகள் இறுகிய கையோ வந்த அதிர்வை அப்படியே முழங்கைவரை கொண்டுபோகும்.

அந்த இரும்புக் குண்டுகளும் அலங்காரமல்ல. ஹாண்டில் நடுவில் பிடித்து இறுக்கப்பட்ட குழாய்; அதன் முனைகள் சுருதிக்கவை போலத் துடிக்கக்கூடியவை. முனையில் எடை ஏற்றினால் துடிப்பின் வேகம் குறையும், அளவும் குறையும். நாம் வழக்கமாக ஓடும் வேகத்தில் எஞ்சினின் அதிர்வோடு ஹாண்டில் ஒத்ததிராமல் இருக்கத்தான் அந்த எடை. குண்டுகளைத் திரும்பப் பூட்டியதுமே வித்தியாசம் கையில் தெரிந்தது.

இறுக்கிப் பிடிப்பதும் அதிர்வும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நூறு வருடத்துக்கு மேலாக அறிந்த விஷயம். 1918இல் அலிஸ் ஹமில்டன் என்ற அமெரிக்க மருத்துவர், இந்தியானா மாநிலத்தில் காற்றுச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை ஆராய்ந்தார். கருவியின் அதிர்வு, குளிர், கருவியை நெடுநேரம் இறுக்கிப் பிடித்திருப்பது ஆகிய மூன்றையும் அவர் காரணமாகச் சொன்னார். எங்களுக்குக் குளிர் இல்லை. மற்ற இரண்டும் இருக்கின்றன.

எந்த விரல் விறைக்கிறது என்பதைக் கவனியுங்கள், அது வழி காட்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் என்றால், உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாகப் போகும் நரம்பு அழுத்தப்படுகிறது. உடல் பாரத்தைக் கையில் போட்டுக் குனிந்து ஓடுபவர்களுக்கு இது வரும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு. அது ஒன்பது தசைநாண்களோடு சேர்ந்து ஓர் ஒடுங்கிய பாதைக்குள்ளால் போகிறது; மணிக்கட்டை மடித்து வைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடும். அக்சிலேற்றரை முறுக்கி வைத்திருக்கும்போது மணிக்கட்டு அப்படித்தான் கீழ்நோக்கி மடிகிறது. எனவே தொடக்கத்திலேயே மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள். முறுக்கும்போது அது நேராக வந்துவிடும். மோட்டார் சைக்கிள் ஓடாத நாளிலும், இரவில் படுத்திருக்கும்போதும் விறைப்பு இருந்தால் கிறிப்பை விட்டுவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும்.

சரி, பருமனுக்கு வருவோம். அக்சிலேற்றரில் உள்ள வில் எப்போதும் திரும்பி மூடப் பார்க்கிறது. அதை எதிர்த்து நிற்பது உள்ளங்கையின் உராய்வு. கிறிப் பருத்தால் அதே முறுக்குக்குக் குறைந்த பலம் போதும்: 29 மில்லிமீற்றர் கிறிப்பை 33 ஆக்கினால் தேவைப்படும் பலம் ஏறக்குறைய 12 சதவீதம் குறையும். ஆனால் பருமன் கூடக்கூட பிறேக், கிளச் லீவர்கள் விரலுக்கு எட்டத்தில் போகும், சிறிய கைக்குப் பிடியே கழன்றுவிடும். பிடித்துப் பார்க்கும்போது விரல்நுனி உள்ளங்கையைக் குத்தக்கூடாது, சிறு இடைவெளி தெரியவேண்டும். என் அம்மாவின் ஸ்கூட்டிக்கும் என் வண்டிக்கும் ஒரே கிறிப் சரிவராது.

உராய்வைக் கெடுப்பது வியர்வையும் மழையும். வரிப்பள்ளம் உள்ள கிறிப்பில் தண்ணீர் பள்ளத்துக்குள் போக, மேடு கையைப் பிடிக்கும். வழவழப்பான கிறிப் வறண்ட கடையில் அழகாக இருக்கும், சித்திரை வெயிலில் வழுக்கும். பஞ்சு உறை மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைக்குத் தினமும் போய்வருபவர்கள் பஞ்சைப் போடவே வேண்டாம். உப்பு ஈரம் உள்ளே தங்கினால் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும்.

நான் கறுப்பு இறப்பரைத்தான் சொல்வேன். கறுப்பாக்கும் கரித்தூள் வெயிலின் புறஊதாக் கதிரை உறிஞ்சி இறப்பரைக் காக்கிறது. இயற்கை இறப்பரை ஓசோனும் தாக்கும். பழைய கிறிப்பில் தெரியும் மெல்லிய வெடிப்புகளில் பல அப்படி வருபவை. மலிவான பிவிசியில் இளக்குவதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் வெளியேறும், அப்புறம் ஒன்று பிசுபிசுக்கும், இல்லையென்றால் கட்டையாகும்.

பூட்டுவது கடினமல்ல, அவசரப்படக்கூடாது. பெரும்பாலான வண்டிகளில் ஹாண்டில் குழாய் 22 மில்லிமீற்றர். வலப்பக்கம் அதன்மேல் அக்சிலேற்றரின் பிளாஸ்ரிக் குழல் இருப்பதால், பக்கெற்றில் உள்ள இரண்டு கிறிப்பும் ஒரே அளவல்ல. பெரிய துளை வலத்துக்கு. பழையதைப் பிளேட்டால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். வலப்பக்கம் பிளாஸ்ரிக்கில் வெட்டு விழாமல் பார்க்கவேண்டும். இடப்பக்கக் குழாயில் துரு இருந்தால் மண்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிடிப்பில்லாமல் துடைக்கவேண்டும்.

உள்ளே போகவில்லை என்று தேங்காய் எண்ணெய் பூசுவார்கள். அது செய்யவே கூடாது. எண்ணெய் காயாது, இயற்கை இறப்பரை ஊதவைக்கும், ஒருநாள் கிறிப் கையோடு சுற்றும். அக்சிலேற்றர் கிறிப் குழலின் மேல் சுற்றுவது ஆபத்து. சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே முறுக்கித் தள்ளினால் வழுக்கிப் போகும், பிறகு ஆவியாகிவிடும். கிறிப்புக்கென்றே விற்கும் பசை கிடைத்தால் இன்னும் நல்லது. நொடியில் ஒட்டும் பசை வேண்டாம். பாதி வழியில் பிடித்துக்கொள்ளும்.

இரவு முழுக்கக் காயவிடுங்கள். காலையில் இரண்டு கிறிப்பையும் பலமாக முறுக்கிப் பாருங்கள், அசையக்கூடாது. வலது கிறிப்புக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் இடையில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வெளி வேண்டும், முனைக் குண்டோடும் உரசக்கூடாது. எஞ்சினை நிறுத்திவைத்து ஹாண்டிலை முழுதாக இடமும் வலமும் திருப்பி, ஒவ்வொரு பக்கத்திலும் அக்சிலேற்றரை முறுக்கிக் கையை விடுங்கள். டக்கென்று தானாக மூடவேண்டும். மூடாவிட்டால் அந்த வண்டியை வீதிக்கு எடுக்காதீர்கள், கிறிப்பை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் இழுத்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து பாருங்கள்.