காட்சித் திரிபு: ஆப்டிகல் இல்யூஷனுக்கு ஒரு சொல்

ஆயா (பாட்டி) வீட்டு இரண்டாங்கட்டில் தரை பெயர்ந்துபோக, செட்டிநாட்டு ஆத்தங்குடியில் புதுத் தரைக்கல் செய்யக் கொடுத்திருந்தோம். எல்லாக் கல்லிலும் நடுவே சாம்பல் நிறப் பூ. ஓர் அறைக்கு அதைச் சுற்றிச் சிவப்பு, அடுத்த அறைக்குப் பச்சை. கல் வந்து இறங்கியதும் ஆயா முகம் சுளித்தார்கள். சிவப்புக்குள் இருக்கும் சாம்பலில் பச்சை தட்டுகிறதாம், பச்சைக்குள் இருப்பதில் செம்மை ஓடுகிறதாம், கலவை மாறிவிட்டதாம். "ஆச்சி, ரெண்டும் ஒரே சட்டியில கலக்குனதுதான்" என்று கல் கொண்டுவந்தவர் சொல்லியும் எடுபடவில்லை. அப்புறம் அவரே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைக் கேட்டு வாங்கினார். அதில் இரண்டு ஓட்டை போட்டு, இரு கல்லையும் ஒட்டிவைத்து மேலே மூடினார். ஓட்டை வழியே தெரிந்த இரண்டு சாம்பலும் ஒன்றேதான். பத்திரிகையை எடுத்தால் மறுபடி இரண்டு நிறம்.

இந்த வகைக்கு நாம் சாதாரணமாகச் சொல்லும் பெயர் ஆப்டிகல் இல்யூஷன். ஆப்டிகல் கிரேக்க வழி வந்தது. பார்வை சார்ந்தது என்று பொருள். இல்யூஷனுக்கு மூலம் 'இல்லூதெரே' என்ற லத்தீன் வினை. அதற்குள் 'லூதெரே', அதாவது விளையாடுதல், ஒளிந்திருக்கிறது. ஒருவரை வைத்து விளையாடுவது, கேலி செய்வது, ஏய்ப்பது என்று பொருள் விரியும். "கண்ணாமூச்சி காட்டுது" என்கிறோமே, அதற்குக் கிட்டத்தட்ட உறவு.

தமிழில் பரவலாக ஓடுவது 'ஒளியியல் மாயை'. எனக்கு அதில் இரண்டு பாதியும் உறுத்துகிறது. ஒளியியல் என்பது ஒளியின் போக்கைப் படிக்கும் துறை. ஆயா கண்ட வேறுபாட்டில் ஒளி எந்தத் தப்பும் செய்யவில்லை. இரண்டு பூவிலிருந்தும் ஒரே ஒளிதான் கிளம்பியது. மாயை இன்னும் மோசம். ஊருக்கு ஊர் சிவன் கோயிலைக் கல்லால் எடுத்துக் கட்டிய செட்டிநாட்டில் சைவ சித்தாந்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: அங்கே மாயை பொய்த்தோற்றம் அன்று. உயிரைக் கட்டும் மும்மலத்தில் ஒன்று, உலகத்துக்கே முதற்காரணம், உள்பொருள். இல்லாததைக் காட்டுவதற்கு அந்தப் பெயரை வைப்பதை, உலகையே பொய்த்தோற்றம் என்னும் வேதாந்தி வேண்டுமானால் ஒப்புவார்.

'கண்கட்டு' நல்ல பழஞ்சொல்தான். ஆனால் கட்டுவதற்கு ஒரு வித்தைக்காரன் வேண்டும். பாரதியார் 'தோற்ற மயக்கம்', 'காட்சிப் பிழை' இரண்டையும் ஒரே பாட்டில் ஆண்டிருக்கிறார். இரண்டாவது இன்றைக்கு நன்றாகவே புழங்குகிறது. அதை ஏற்கலாமா என்றால், பிழை என்ற சொல் இடிக்கிறது. ஏன் என்று சொல்ல பாரிஸ் வரை போக வேண்டும்.

அங்கே கோபலான் என்ற அரசுத் திரைச்சீலை நெசவாலையில் 1824-இல் சாயப் பிரிவின் பொறுப்புக்கு வந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலர். கறுப்பு நூல் அழுத்தமாக இல்லை, சாயம் சரியில்லை என்று அவருக்குப் புகார். சாயத்தைச் சோதித்தார், அதில் குறை ஒன்றும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் கறுப்பு வெளிறியது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். வேறுபாட்டைக் கண் கூட்டிக் காட்டும் என்று கண்டு, 1839-இல் பெரிய நூலாகவே போட்டார். சிவப்பை அடுத்த சாம்பல் பச்சைப் பக்கம் சாய்வது அந்த விதிப்படிதான். ஆயாவின் புகாரும் கோபலான் புகாரும் ஒரே புகார்.

விழித்திரையிலிருந்து சேதி கொண்டுபோகும் செல்கள், தம் நடுவில் விழும் ஒளியைச் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டே அனுப்புகின்றன. அளவுமானி போல இத்தனை என்று சொல்வது அவற்றின் வேலை இல்லை. அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, தூணின் நிழல் பாதியில் விழுகிறது. வெயிலில் கிடக்கும் கறுப்புக் கல் அனுப்பும் ஒளியும் நிழலில் கிடக்கும் வெள்ளைக் கல் அனுப்பும் ஒளியும் ஏறத்தாழச் சமமாகிவிடலாம். ஆனாலும் நாம் கறுப்பைக் கறுப்பாகவும் வெள்ளையை வெள்ளையாகவும்தான் பார்க்கிறோம். பார்வை ஆய்வாளர் எட்வர்ட் ஏடல்சன் 1995-இல் வரைந்த சதுரங்கப் பலகைப் படம் இதைத்தான் பிடித்துக் காட்டியது: இரண்டு கட்டத்துக்கும் அச்சு அசலாக ஒரே சாம்பல், பார்ப்பவர் யாரும் நம்பமாட்டார். நிழலைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தைச் சொல்வது கண்ணும் மூளையும் சேர்ந்து செய்யும் நல்ல வேலை. அதைப் பிழை என்றால் பாவம்.

அதனால்தான் எனக்குத் 'திரிபு' பிடிக்கிறது. பால் திரிந்துபோச்சு என்று அடுப்படியில் தினமும் கேட்கும் சொல். பழைய அளவை (தருக்க) நூல் வழக்கும் உண்டு. அளவைகளில் வரும் குற்றங்களை மணிமேகலை அடுக்கும்போது 'திரியக் கோடல்' என்று ஒன்றைச் சொல்லி, இப்பியை வெள்ளி என்று உணர்வதை எடுத்துக்காட்டாக வைக்கிறது. சிப்பியின் மினுக்கு வெள்ளியாய்த் தெரிவது. கயிறு பாம்பாவதும் இந்தக் கணக்கில்தான்.

ஒரு சிக்கல் இருக்கிறது. கையில் எடுத்தால் இப்பி இப்பியாகிவிடும். விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போய்விடும். சாம்பல் பூ அப்படிப் போகவில்லையே? பத்திரிகை வைத்துப் பார்த்த பிறகும் ஆயாவுக்கு இரண்டாகத்தானே தெரிந்தது? எனக்கும்தான்.

இங்கே இலக்கணம் கைகொடுக்கிறது. புணர்ச்சி விகாரம் மூன்றில் ஒன்று திரிதல். பொன்னோடு குடம் சேர்ந்தால் பொற்குடம். அதே பொன்னோடு வளையல் சேர்ந்தால் பொன்வளையல். எழுத்து அதேதான், பக்கத்தில் வந்து நிற்பது எது என்பதைப் பொறுத்து னகரம் றகரமாகிறது. உள்ளே இருப்பது பொன் என்று தெரிந்தாலும் வாய் பொற்குடம் என்றே சொல்கிறது. சாம்பலும் பக்கத்து நிறத்தோடு புணர்ந்துதான் திரிகிறது. பொதுவுக்குக் காட்சித் திரிபு, நிறத்துக்கு மட்டும் என்றால் நிறத் திரிபு. ஒற்று மிகும்.

எல்லாவற்றையும் இதற்குள் திணிக்கவும் கூடாது. கானல் நீர், சங்கப் பாட்டில் பேய்த்தேர், திரிபில் சேராது. சூடான காற்றில் ஒளி உண்மையாகவே வளைகிறது, கேமராவிலும் விழும். அதற்கு வேண்டுமானால் ஒளியியல் என்று போட்டுக்கொள்ளுங்கள். கண்டாங்கிச் சேலையைக் கடை விளக்கில் அரக்கு என்று எடுத்து, வாசலுக்குக் கொண்டுவந்தால் செங்கல் நிறமாக இருப்பதும் வேறு கதை. அங்கே மாறியது வெளிச்சம்.

கல்லைத் திருப்பி அனுப்பவில்லை. இரண்டு அறையிலும் பதித்தாயிற்று. வருகிறவர்களிடமெல்லாம் ஆயா இப்போது, "ரெண்டும் ஒரே சாம்பல்தான், ஆனா வேற வேறயாத்தான் தெரியும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.