அகஸ்டாவின் பச்சைக்கு அடியில் ஓர் அருகம்புல்

ஏப்ரலில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்த வாசகர் ஒருவர், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா மைதானத்தில் புல் எப்படிச் சாயம் பூசியதுபோல் பச்சையாக இருக்கிறது என்று கேட்டிருந்தார். அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு புற்கள் வாழ்கின்றன. அடியில் இருப்பது பெர்முடா புல். நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனம்தான் அது. மண்ணின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்கும்போது அதன் இலைகள் வைக்கோல் நிறமாகிவிடும். மண்ணுக்குள் தண்டுகள் மட்டும் உயிரோடு உறங்கும். எனவே குளிர் தொடங்குமுன் அதன்மேல் ரைகிராஸ் என்னும் குளிர்ப்பருவப் புல்லின் விதையைத் தூவுகிறார்கள். ஏப்ரலில் நம் கண்ணில் படும் பச்சை பெரும்பாலும் ரைகிராஸினுடையது.

இரு புற்களின் பருவமும் இப்படிப் பிரிவதற்கு முக்கியக் காரணம் ருபிஸ்கோ என்னும் நொதி. கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரைக்கு வழிசெய்வது அதன் வேலை என்றாலும், ஆள் தெரியாமல் ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அந்தப் பிழையைச் சரிசெய்யும்போது ஏற்கெனவே சேர்த்த கார்பனில் ஒரு பங்கு வெளியேறிவிடுகிறது. வெயில் ஏற ஏற, இலையின் நீரில் கார்பன் டை ஆக்சைடின் கரைதிறன் ஆக்சிஜனுடையதைவிட வேகமாகக் குறைவதாலும், நொதியின் பகுத்தறியும் திறனே மங்குவதாலும், இழப்பு பெருகி ரைகிராஸ் தளர்கிறது.

அருகம்புல் இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. அதன் இலையை மெல்லியதாகக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வொரு நரம்பைச் சுற்றியும் மாலை கட்டியதுபோல் பெரிய செல்கள் தெரியும். மாலைக்கு வெளியேயுள்ள செல்களில், ஆக்சிஜனிடம் ஏமாறாத வேறொரு நொதி கார்பனைப் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி உள்ளே அனுப்புகிறது. அங்கே அமிலம் உடைந்து கார்பன் டை ஆக்சைடு நெருக்கியடிப்பதால், மாலைக்குள் அமர்ந்திருக்கும் ருபிஸ்கோ தவறு செய்ய வாய்ப்பு மிகக் குறைவு. இதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாகும். கோடையில் அது கட்டுப்படியாகும், குளிரில் ஆகாது. அருகம்புல் சாற்றில் அதிசயம் தேடுவோர் இந்த மாலையை ஒருமுறை பார்க்கலாம். ஜார்ஜியாவின் டிஃப்டன் அரசு ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் உருவாக்கி 1960இல் வெளியிட்ட டிஃப்வே என்ற பெர்முடா புல் கலப்பினம் இன்று உலகெங்கும் மைதானங்களில் பரவியிருக்கிறது. ஒரு களைப்புல்லுக்குப் பொதுப் பணம் எதற்கு என்று அப்போது கை விரித்திருந்தால் அது கிடைத்திருக்காது.

இரண்டு புற்களுக்கும் இடையிலான கைமாற்றம்தான் பராமரிப்பாளருக்குப் பெரிய தலைவலி. வசந்தம் முடிந்தும் ரைகிராஸ் அடர்ந்து நின்றால், கீழே துளிர்க்கும் அருகுக்கு வெளிச்சம் கிடைக்காது. மைதானம் திட்டுத்திட்டாக வழுக்கையாகும். அகஸ்டா, மே மாத இறுதியிலேயே ஆட்டத்தை நிறுத்தி அக்டோபர் வரை கதவை மூடிக்கொள்ள முடிகிற வசதியுள்ள மன்றம். குழிகளைச் சுற்றியுள்ள கிரீன் பகுதியிலோ 1981 முதல் பென்ட்கிராஸ் மட்டும்தான். அது குளிர்ப்பருவப் புல், அடியில் துணைக்கு அருகும் கிடையாது. வெப்பத்தில் அதன் வேர் சுருங்கும் என்பதால், மண்ணுக்கடியிலுள்ள வடிகால் குழாய்களின் வழியே மிகுநீரை உறிஞ்சவும் காற்றைச் செலுத்தவும் இயந்திரங்கள் பொருத்தியிருக்கிறார்கள்.