‘வேற குட்டி தர்றேன்’ என்று சொல்லும் ப்ரீடரிடம்

அந்தத் திங்கட்கிழமை கிளினிக்கைத் திறக்கப் போனபோதே வாசலில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. அப்பா, அம்மா, ஆறாவது படிக்கிற பையன். பையன் கையில் துண்டில் சுற்றிய லேப் (லாப்ரடார்) நாய்க்குட்டி. வெள்ளிக்கிழமை மாலை வாங்கியிருக்கிறார்கள். ஞாயிறு காலை வாந்தி, இரவுக்குள் ரத்தம் கலந்த பேதி. துண்டைப் பிரித்ததுமே அந்த வாடை வந்துவிட்டது. நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோயைப் பார்த்துப் பழகிய எந்த மருத்துவருக்கும் அது தெரியும். பரிசோதனைக் கிட்டில் போட்டுப் பார்த்தோம். இரண்டு கோடு, பார்வோதான்.

தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். வயது 50 நாள், பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, முதல் ஊசி போட்டாயிற்று என்று இருந்தது. ஊசி மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர் இல்லை. மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லை. எல்லாத் தேதிகளும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியவை. குட்டியின் உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். முன்பற்கள் அப்போதுதான் ஈறை விட்டு எட்டிப் பார்க்கின்றன. 50 நாள் குட்டிக்குப் பால் பற்கள் அநேகமாக முழுதும் வந்திருக்கும். இதற்கு முப்பது, முப்பத்தைந்து நாளுக்கு மேல் இருக்காது.

அப்பா அங்கேயே ப்ரீடருக்கு, அதாவது குட்டியை ஈன வைத்து விற்றவருக்கு, ஃபோன் போட்டார், ஸ்பீக்கரில். “உயிருள்ள பொருளுக்கு கேரண்டி எல்லாம் கிடையாது சார். வேணும்னா அடுத்த ஈத்துல வேற குட்டி தர்றேன்.”

பையன் கேட்டான்: “அப்போ இது?”

புதன்கிழமை இரவு அந்தக் குட்டி இறந்துவிட்டது. பையனின் கேள்விக்கு அந்த ப்ரீடர் பதில் சொல்லவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. பார்வோ கிருமி உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம் வரைகூட. வெள்ளி மாலை வாங்கிய குட்டி ஞாயிறு காலை வாந்தி எடுத்தால், அது கிருமியோடுதான் வீட்டுக்கு வந்தது என்று தயங்காமல் சொல்லலாம். பத்து நாள் கழித்து வந்தால் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் தெருவிலிருந்தும் வந்திருக்கலாம். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் இன்னும் குழப்பம். கண்ணில் பீளை, சளி, காய்ச்சல் எல்லாம் வந்து போய், வலிப்பு வாரக்கணக்கில் கழித்து வரும். வயிற்றுப் புழுக்கள் வேறு கதை. உருண்டைப் புழு தாய் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும், கொக்கிப் புழு பாலில் வரும். மூன்று வாரக் குட்டி புழுவால் ரத்தம் குறைந்து ஈறு வெளுத்துக் கிடக்கிறது என்றால் வளர்த்தவர் தாயைக் கவனிக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

சரி, ‘வேற குட்டி’ என்பதில் என்ன தப்பு? பணம் வீணாகவில்லையே என்று பலர் நினைக்கிறார்கள். பார்வோ கிருமி வீட்டுத் தரையில், மண்ணில், பாத்திரத்தில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்பும் ஃபினாயிலும் அதைக் கொல்லாது. ப்ளீச்சிங் கரைசல் வேண்டும், அதுவும் அழுக்கை முழுக்கக் கழுவிய பிறகு, பத்து நிமிடமாவது ஈரமாக நிற்க வேண்டும். அந்த வீட்டுக்கு தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியைக் கொடுப்பது அதையும் அதே வழியில் அனுப்புவதுதான். கொடுக்கிற இடமும் அதேதான், அங்கேயும் அதே தரை. ஒரே வீட்டிலிருந்து ஒரே ப்ரீடரின் மூன்று குட்டிகள் அடுத்தடுத்து என்னிடம் வந்து இறந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது குட்டிக்கு டிரிப்ஸ் போட நரம்பு தேடும்போது என் கை நடுங்கியது.

பொறுப்புள்ள ப்ரீடர் அந்த ஃபோன் வந்ததும் செய்ய வேண்டியது என்ன? அதே ஈற்றில் பிறந்த மற்ற குட்டிகளை வாங்கியவர்களை அன்றைக்கே கூப்பிட்டு, ‘பார்வோ வந்திருக்கிறது, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்’ என்று சொல்ல வேண்டும். மிச்சக் குட்டிகளின் விற்பனையை நிறுத்த வேண்டும். நோயாளிக் குட்டியின் மருத்துவச் செலவில் தன் பங்கை ஏற்க வேண்டும். வாங்கியவர் வைத்துப் பார்க்க முடியாது என்றால் திரும்ப எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க வேண்டும். உயிருக்கு கேரண்டியை யாரும் கேட்கவில்லை. உண்மையான வயதையும் உண்மையான ஊசித் தேதியையும்தான் கேட்கிறோம்.

தடுப்பூசி போட்டும் பார்வோ வருமா என்று கேட்பீர்கள். வரும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்து சரியாக வேலை செய்யாது. அது எந்த வாரம் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறோம். முதல் ஊசி போட்ட குட்டிக்கு வந்துவிட்டது என்றால் ப்ரீடர் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. அதே சமயம், மருந்துக் கடையில் குப்பி வாங்கி, வெயிலில் பைக் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்த் தானே குத்திவிடுகிற ப்ரீடர்கள் இருக்கிறார்கள். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது.

இனி பரம்பரைக் கோளாறுகள். இவை மெதுவாக வெளியே தெரிவதால் ப்ரீடர்கள் எளிதாகத் தப்பித்துவிடுகிறார்கள். லேப், ஜெர்மன் ஷெப்பர்டில் இடுப்பு மூட்டுக் கோளாறு ஐந்தாறு மாதத்தில்தான் நடையில் தெரியத் தொடங்கும். டால்மேஷியனில் பிறவிச் செவிடு. பக் போன்ற சப்பை மூக்கு வகைகளில் மூச்சுத் திணறல். எந்தக் குட்டிக்கும் பிறவி இதய ஓட்டை இருக்கலாம். அதை நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் பெரும்பாலும் முதல் நாளே சந்தேகிக்க முடியும். கென்னல் கிளப் சர்டிஃபிகேட் இருக்கிறதே என்று காட்டுகிறார்கள். அது குட்டியின் அப்பா, அம்மா, தாத்தா யார் என்று சொல்லும் வம்சாவளிக் காகிதம். அந்தத் தாத்தாவுக்கு இடுப்பு நன்றாக இருந்ததா என்று அதில் இருக்காது. இனச்சேர்க்கைக்கு முன் தாய், தகப்பன் இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று ப்ரீடரிடம் கேளுங்கள். கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசு 2017-இல் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. ப்ரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. விற்கும் முன் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் போட்டிருக்க வேண்டும். தாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. வாங்குகிறவர்களிலும் ‘30 நாளில் எடுத்தால்தான் பாசமா ஒட்டும்’ என்று அவசரப்படுகிறவர்கள் நிறைய. அந்த வயதில் குட்டி தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் கடித்து விளையாடி, எவ்வளவு கடிக்கலாம் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்து எடுக்காதீர்கள்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் விலங்கு விற்பனையும் சரக்கு விற்பனைதான். கேட்க வருத்தமாக இருந்தாலும், நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக அதுதான் கைகொடுக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். ஆனால் கையில் காகிதம் வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரிடம் பில்லே இருப்பதில்லை. ரொக்கமாகக் கொடுத்திருப்பார்கள், கூகுள் பேயில் அனுப்பியிருந்தால்கூட ஒரு தேதி கிடைத்திருக்கும். குட்டி வாங்கிய அன்றோ மறுநாளோ உங்கள் மருத்துவரிடம் காட்டி, என்ன பார்த்தார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். குட்டி இறந்துபோனால், மனசு கேட்காது என்று தெரியும், ஆனாலும் புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதியுங்கள்.

நல்லவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஏழு மாத லேப் ஒன்று வந்தது. ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவியது. எக்ஸ்ரேயில் இடது இடுப்பு கிண்ணத்துக்குள் பாதிதான் உட்கார்ந்திருந்தது. விற்றவர் வீட்டில் ஒரே ஒரு பெண் நாயை வைத்து வளர்த்தவர். வாங்கியவர் எக்ஸ்ரே படத்தை அனுப்பிய மூன்றாம் நாள் விற்றவர் நேரில் வந்துவிட்டார். வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். ‘நாயைத் திரும்பக் கொடுக்க வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வைத்தியத்துக்கு நானும் கூட இருக்கிறேன்’ என்றார். அப்புறம் தன் நாயைக் கொண்டுவந்து எக்ஸ்ரே எடுத்தார். அவளுக்கும் இரண்டு பக்கமும் மோசம். நடையில் அதுவரை எதுவும் தெரியவில்லை.

அடுத்த ஈற்றுக்கு முன்பணம் வாங்கி வைத்திருந்தார். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கருத்தடைக்கு நாள் குறிக்கச் சொன்னார். அறுவை முடிந்து அவள் மயக்கம் தெளியும்வரை பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை அவள் தலையில். இன்னொரு கையில் ஃபோன். அந்த லேப் பிறந்த ஈற்றின் மற்ற ஐந்து குட்டிகள் போன வீடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, “குட்டி எப்படி நடக்குது? எடை ஏத்தாதீங்க, ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க, செலவுக்கு என்கிட்ட பேசுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.